பதினோரு கட்டு ஆவாரை

நிலாவாரை மூட்டையில் வேறு இலை கலந்திருந்தால் கண்டுபிடிக்கத் தூத்துக்குடியில் மிஷின் வைத்திருக்கிறார்களாம். நாகலாபுரத்தில் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் அந்த வேலைக்கு வெயிலுகந்தம்மாள் இருந்தாள். மிஷினுக்குக் கரண்டு வேண்டும், இவளுக்கு வெற்றிலை வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று கிட்டங்கிக்காரர் ராமசுப்பு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வெற்றிலையையும் அவர் வாங்கித் தந்ததில்லை.

கரிசலில் மழையை நம்பி விதைக்கிற செடி நிலாவாரை. இலையை உருவி நிழலில் காயப்போட்டு மூட்டை கட்டிக் கிட்டங்கிக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கப்பலேறிப் போய், யார் யாருக்கோ வயிற்றைக் கழுவிவிடும். ஆவாரை அதற்குப் பங்காளி. பேயாவாரையும் தகரையும்கூடப் பங்காளிகள்தான். நாலுக்கும் மஞ்சள் பூ, ஐந்து இதழ், காம்பின் இருபுறமும் சோடி சோடியாக இலை. செடியாக நிற்கும்போது கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் பெயரைச் சொல்லிவிடலாம். காய்ந்து சுருண்டு மூட்டைக்குள் நொறுங்கிக் கிடக்கும்போதுதான் சங்கதி.

வெயிலுகந்தம்மாள் ஒரு கை அள்ளிச் சொளகில் பரத்துவாள். நிலாவாரை இலைக்கு நுனி கூர்மை. அடியில் நடுநரம்புக்கு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கோணலாக உட்கார்ந்திருக்கும். ஆவாரை இலைக்கு நுனி மழுங்கல், அந்த மழுங்கலில் மயிர்போல ஒரு சின்ன முள். காம்போடு கிடைத்துவிட்டால் இன்னும் லேசு. ஆவாரையில் ஒவ்வொரு சோடி இலைக்கும் நடுவே கடுகளவு ஒரு பரு நிற்கும், காம்படியில் இரண்டு காது விரிந்திருக்கும். பேயாவாரைக்கு அடிக்காம்பில் ஒரே ஒரு மரு. இலையைக் கசக்கினால் நாற்றம் குடலைப் பிடுங்கும். தகரைக்கு மூன்றே சோடி இலை. நிலாவாரைக்குப் பருவே கிடையாது. பக்கத்தில் இருப்பவளோடு மருமகள் சண்டை பேசிக்கொண்டே இவள் விரல் இதையெல்லாம் பிரித்துப் போட்டுவிடும்.

இது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, ரோஷத்தில் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு மூட்டை கலப்படம் என்று திரும்பி வந்தது. ராமசுப்பு அதைத் தரையில் கொட்டி, பொறுக்கிய பெண்களை வரிசையாக நிற்கவைத்து, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று ஏசினார். எது தப்பான இலை என்று அவருக்கும் தெரியாது. ஏசுவதற்கு அது தெரிய வேண்டியதில்லையே. வெயிலுகந்தம்மாள் அன்றைக்கே ஓடைக்கரையில் ஆவாரையை ஒடித்தாள், புஞ்சையில் நிலாவாரையை ஒடித்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டு, அது சுருளச் சுருள ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் அவள் பொறுக்கிய மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் திருப்பூர் போய்விட்டாள். மழை பெய்தால் ஒழுகுகிற வீடு. பீற்றிக்கொள்ள அவளிடம் இருந்தது இந்தக் கண் ஒன்றுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புருஷன் தங்கசாமி லாரி டிரைவர். நல்ல மனுஷன், பிடிவாதத்துக்கு மட்டும் அளவு கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குச் சீனி வியாதி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டான். அப்புறம் ஒரு நாள் கயத்தாறில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்த இடத்தில், இன்னொரு டிரைவர் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சுகர் பறந்துபோகும் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார். தங்கசாமி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, ஊருபூரா ஆவாரம்பூவப் பொடியாக்கி டப்பாவில அடைச்சு விக்கான். அதுல என்ன எழவு கலந்திருக்கோ. நீ வீட்டுல இருக்கும்போது எனக்கென்ன குறை? உன் கண்ணுக்குத் தப்பி ஒரு இலை வருமா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டறியாத மனுஷன், அன்றைக்கு அவள் கண்ணைப் பற்றிப் பேசினான். மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தது அவள் கைதான்.

விடியக்காலம் ஓடைக்கரைக்குப் போய், வெயில் ஏறுமுன் விரிந்த பூவாகப் பார்த்துப் பறித்து வருவாள். காலையில் ஒரு தம்ளர், சாயங்காலம் ஒரு தம்ளர். முதல் மாதம் கோவில்பட்டியில் போய்ப் பார்த்தபோது சுகர் இறங்கியிருந்தது. நோயாளி என்கிற நினைப்பில் டீக்குச் சீனியையும், பஸ் ஸ்டாண்டு பூந்தியையும் அந்த மாதம் அவன் நிறுத்தியிருந்தான் என்பதை இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னான். அவளும் சொன்னாள். அடுத்த தடவை பார்த்தபோது ஏறியிருந்தது. அதற்கு அடுத்த தடவை இன்னும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு அவன் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. பச்சிலை கேட்கவில்லை என்றால் பச்சிலையைச் சந்தேகப்பட மாட்டோம். பறித்தவள் வேறு எதையோ பறித்துவிட்டாள் என்போம். தங்கசாமியின் தம்பி இசக்கிமுருகன் காற்றாலைக் காவலுக்குப் போகிறவன். நாள் முழுக்க விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு யோசிப்பதற்கு அவனுக்கு நேரம் நிறைய. அவன்தான் முதலில் ஆரம்பித்தான். மதினி பறிப்பது வெறும் ஓடை ஆவாரை, பட்டை சிவந்து ஓடியதுதான் மருந்து என்றான். இன்னொருவர், பன்னிரண்டு சோடி இலை இருக்கிறதுதான் அசல், எட்டுச் சோடி மாட்டுக்குக்கூட ஆகாது என்றார். ஆளுக்கொரு அடையாளம் சொன்னார்கள். ஒருத்தர்கூட மாத்திரை என்று வாயைத் திறக்கவில்லை.

வேறு எவளாக இருந்தாலும் நம்பியிருக்கலாம். வெயிலுகந்தம்மாள் நம்பியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. நொறுங்கிய துண்டை வைத்துச் செடியைச் சொல்கிறவளுக்கு, ஒரே செடி மண்ணுக்குத் தக்கபடி கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பது தெரியாதா? தெரியும். ஆனால் புருஷன் மெலிந்துகொண்டே போகும்போது தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. இடைசெவல் போய் வரப்பு ஆவாரையை ஒடித்து வந்தாள். கயத்தாறு ரோட்டோரத்துச் செடி, கண்மாய்க் கரைச் செடி, சுடுகாட்டுச் செடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சேலைக் கிழிசலால் கட்டித் திண்ணையில் வரிசையாக வைத்தாள். சோடி எண்ணினாள், பட்டையைச் சுரண்டினாள், பூவைப் பிய்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் பத்து நாள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மொத்தம் பதினோரு கட்டு. பதினொன்றையும் அவன் குடித்தான்.

அந்த நாளில்தான் ஒரு சாயங்காலம் தங்கசாமி லாரியிலிருந்து இறங்கியபோது இடது செருப்பு முழுக்க ரத்தமாக இருந்தது. செருப்புக்குள் ஒரு போல்ட்டு கிடந்திருக்கிறது. காலையிலிருந்து அந்தக் காலால்தான் கிளட்சை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவனோ சந்தோஷமாகச் சிரித்தான்.

"வலிக்கவே இல்லட்டி. பாத்தியா, இந்தக் கட்டு ஆவாரை வேலை செய்யுது."

அவளும் அதை நம்பினாள். மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டினாள். இரண்டு வாரத்தில் பெருவிரல் கறுத்தது, ஒரு மாதத்தில் பக்கத்து விரல்களும் கறுத்தன. வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. சாக்குக்குள் எலி செத்திருக்கும் என்று அவன் சொன்னான். வாடையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அவள். அது எலி இல்லை என்று முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு யாரையும் ஏசவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. காலை முழங்காலோடு எடுக்க வேண்டும், கிட்னியும் கெட்டுக் கிடக்கிறது, எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் உயிர் நிச்சயமாகப் போய்விடும் என்றார். ஒரு காகிதத்தைக் கொடுத்து, இன்றைக்கோ நாளைக்கோ கையெழுத்துப் போடச் சொன்னார். தங்கசாமி காகிதத்தைத் தொடவே இல்லை. காலை வெட்டிவிட்டால் அப்புறம் எதற்கு டிரைவர், எதற்குத் தங்கசாமி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவள் அழுதாள், கெஞ்சினாள். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னான்.

"உன் கையில எங்கியோ ஒரு தப்பு நடந்திருக்கு. செடி மாறிருக்கு. அதைக் கண்டுபிடிச்சு நல்லதைக் கொண்டா. காலும் போவாது ஒண்ணும் போவாது."

வார்டில் இருந்த நர்சுப் பெண், காலேஜில் சுந்தரேஸ்வரி என்று தாவரவியல் டீச்சர் இருக்கிறார்கள், எந்தச் செடியைக் கொடுத்தாலும் சொல்லிவிடுவார்கள், நான் அவர்களிடம் படித்தவள்தான் என்றாள். வெயிலுகந்தம்மாள் நாகலாபுரத்துக்கு ஓடி, பதினோரு கட்டையும் உரச்சாக்கில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை காலேஜ் வாசலில் நின்றாள். வாட்ச்மேன் சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, விறகு விற்க இடமா இது என்றான். அவளுக்கு வந்த கோபத்துக்கு வேறு நாளாக இருந்தால் அவன் காது கிழிந்திருக்கும். அன்றைக்கு அவனையும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

சுந்தரேஸ்வரி டீச்சருக்கு வயது நாற்பது இருக்கும். என்ன ஏது என்று கேட்காமலே மேஜையில் பேப்பரை விரித்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தார். லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு காம்படியைப் பார்த்தார், பருவை ஊசியால் தொட்டுப் பார்த்தார், தட்டைக் காயைப் பிளந்தார். பூவைப் பிரித்து மகரந்தத் தாள் பத்தையும் எண்ணி, அதில் மேலே இருக்கிற மூன்று மலடாக இருப்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெயிலுகந்தம்மாள் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டை அவிழ்க்கும்போதும், இதுதான், இதில்தான் தப்பு, இதை இவர் இப்போது தள்ளி வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் எதையும் தள்ளி வைக்கவில்லை. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். பதினோராவது கட்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பதினொண்ணும் ஒரே செடிதாம்மா. ஆவாரை. இலை கூடக்குறைய இருக்கதும் பட்டை நிறமும் மண்ணுனால, வயசுனால வாரது. ஒண்ணுகூடத் தப்பா எடுக்கல நீங்க. எங்க பிள்ளைகளே பரீட்சையில மாத்தி எழுதிருதாங்க. நீங்க எங்க படிச்சீங்க?"

படித்த ஒருவர் அவள் கண்ணை மெச்சிப் பேசியது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"ஒண்ணாச்சும் தப்பா இருக்காதா டீச்சர்?" என்றாள். "இன்னொருக்கா நல்லாப் பாருங்களேன்."

டீச்சருக்கு அப்போதுதான் இது செடி விஷயம் இல்லை என்று பட்டது. உட்காரவைத்துக் கேட்டார். மாத்திரையை நிறுத்தியது, கஷாயம், போல்ட்டு, காகிதம் எல்லாவற்றையும் அவள் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எந்தப் பூவும் மாத்திரை செய்கிற வேலையைச் செய்யாது, இந்த நிலையில் உலகத்தில் எந்தச் செடியும் கேட்காது, உடனே போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். முதல்லயே என்று ஏதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பஸ் ஏற்ற ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், நடந்தே போய்விடுகிறேன் என்று வெயிலுகந்தம்மாள் எழுந்தாள். கட்டுகளை மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

வெயிலில் நடந்து வரும்போது அவள் அழவில்லை. பதினொன்றில் ஒன்று தப்பாக இருந்திருந்தால்கூடப் பன்னிரண்டாவதைத் தேடிப் போயிருக்கலாம். கரிசக்காடு பெரிது, எங்கேயாவது ஒரு மேட்டில் அசல் செடி நிற்கும் என்று கால் ஓயும்வரை அலைந்திருக்கலாம். இப்போது தேடுவதற்கு ஒன்றுமில்லை. ஆறு வருஷமாக அவள் சரியான செடியைத்தான் பறித்திருக்கிறாள், சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள், சரியாகவே கொடுத்துக் கொடுத்து அவனை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். தப்பான செடி என்று பொய் சொல்லிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சொன்னால் முகம் தெளிவான். தெளிந்து, நல்லதைப் பறித்து வா என்று திரும்ப அனுப்புவான். அவளால் அதைத் தாங்க முடியாது.

கட்டிலில் அவன் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். என்ன சொன்னாவ என்று கேட்டான்.

"பதினொண்ணும் சரியான செடியாம்."

அவன் மேலே சுற்றுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்தான். அந்தக் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"நீ தப்பாவே பறிச்சிருந்திருக்கலாம்ட்டி" என்றான். பிறகு காகிதத்தைக் கேட்டான்.

வியாழக்கிழமை எடுத்தார்கள். இரண்டு நாள் தள்ளிப்போனதில் விஷம் ஏறியிருந்தது, முழங்காலோடு நிற்கவில்லை, தொடையில் பாதிவரை போய்விட்டது. ஒன்பதாம் நாள் கிட்னியும் நின்றுபோயிற்று. திருப்பூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தபோது தங்கசாமியை வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்ய, அண்ணனுக்குச் சரியான செடி அமையவில்லை, மதினிக்கும் கண் முன்னைப்போல இல்லை என்று இசக்கிமுருகன் எல்லாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். காப்பித் தட்டோடு வந்தவள் அதைக் கேட்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் புருஷன் போய்விட்டான், அவன் போனதற்குக் காரணம் தான்தான் என்றும் அவளுக்குத் தெரியும். இனி அவளுடையது என்று சொல்ல அந்தக் கண் ஒன்றுதான் மிச்சம். அதையும் பொய்யாக்குகிறார்களே என்று பொறுக்க முடியவில்லை. நான் கொடுத்தது சரியான செடிதான், காலேஜ் டீச்சரே லென்சு வைத்துப் பார்த்து ஒன்றுகூடத் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னாள். புருஷன் செத்தும் வீம்பு விடவில்லை பார் என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்.

விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் இசக்கிமுருகன் ஒரு மஞ்சப்பையோடு வந்து நின்றான். அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். சுகர் முந்நூற்று இருபது இருந்ததாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம்.

"காலேஜ்லயே சொல்லிட்டாவள்லா மதினி, உங்க செடிதான் சரின்னு. எனக்கும் கொஞ்சம் பறிச்சுத் தாங்க."

வெயிலுகந்தம்மாள் அவனை உட்காரவைத்தாள். டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அண்ணன் காலை எங்கே வெட்டினார்கள் என்று தன் தொடையில் கையை வைத்துக் காட்டினாள். பரணில் கிடந்த பழைய டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்து, இதைச் சாப்பிட்டிருந்தால் உங்க அண்ணன் இருந்திருப்பார் என்று அழுதாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனுக்கு ஆயுசு அவ்வளவுதான் மதினி" என்றான். "செடி என்ன செய்யும் பாவம்?"

"நீ மாத்திரை திங்கியா, இல்லியா?"

"அதை விட்டுப் பத்து நாளாச்சு."

பறித்துத் தர மாட்டேன் என்று அவள் எழுந்துவிட்டாள். அவனுக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. துக்க வீடு, சஞ்சலத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஓடைக்கரைக்கு இறங்கினான். தை மாதம், கரை முழுக்கச் செடிகள் மஞ்சளாகப் பூத்து நின்றன. ஆவாரையும் பேயாவாரையும் தகரையும் கலந்துதான் நின்றன. அவள் வாசலில் நின்று, அவன் எந்தச் செடிக்குக் குனிகிறான் என்று பார்த்தாள். அவன் சரியான செடியைத்தான் பறித்தான்.